மழை நின்னு ஒரு மணி நேரமாச்சு, மேட்ச் ஏன் இன்னும் ஆரம்பிக்கல? வாழப்பாடி மைதானத்தின் தண்ணீர்க் கணக்கு

டிவியில் அடிக்கடி பார்க்கிற காட்சிதான். மழை விட்டிருக்கும். வானத்தில் நட்சத்திரம்கூடத் தெரியும். அம்பயர்கள் நடந்து வந்து, ஷூ நுனியால் புல்லைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். 'மழைதான் விட்டுருச்சே, இன்னும் என்னய்யா பண்றீங்க?' என்று கமென்ட்டில் கூச்சல் கிளம்பும்.

2020 ஜனவரி 5-ம் தேதி கவுகாத்தியில் நடந்தது இதன் உச்சம். இந்தியா - இலங்கை டி20. டாஸ் போட்டாயிற்று, மழை வந்தது, நின்றது. ஆனால் மூடியிருந்த கவர் வழியாகத் தண்ணீர் கசிந்து பிட்ச்சில் ஈரத் திட்டுகள். ஹேர் டிரையர் வந்தது, அயர்ன் பாக்ஸ் வந்தது. ஒரு பந்துகூட வீசாமல் ஆட்டம் ரத்து. அயர்ன் பாக்ஸைப் பார்த்து நாடே சிரித்தது. மைதானம் பராமரிக்கிறவர்களுக்கு மட்டும் சிரிப்பு வந்திருக்காது. கொட்டித் தீர்க்கும் மழையைவிட, மழைக்குப் பிறகு எங்கேயும் போகாமல் நிற்கிற ஒரு குடம் தண்ணீர்தான் அவர்களுக்குப் பெரிய எதிரி.

இதே சண்டை நம்ம சேலத்துப் பக்கமும் நடக்கிறது. அதுவும் இரண்டு முனையில்.

வாழப்பாடியை அடுத்த காட்டுவேப்பிலைப்பட்டியில் இருக்கிறது சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம். 2020 பிப்ரவரி 9-ம் தேதி அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார், ராகுல் டிராவிட்டும் வந்திருந்தார். 2022 முதல் டி.என்.பி.எல். ஆட்டங்கள் இங்கே நடக்கின்றன, ரஞ்சிக் கோப்பையும் வந்துவிட்டது. வரைபடத்தில் பார்த்தால் சுற்றிலும் மலை, நடுவில் மானாவாரிக் காடும் தோட்டமும், அதற்குள் ஒரு பச்சை வட்டம்.

அந்தப் பச்சை வட்டம் ஒரே வருஷத்தில் என்னென்ன வானிலையைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் தலை சுற்றும். 2024 பிப்ரவரியில் இங்கே தமிழ்நாடு - பஞ்சாப் ரஞ்சி ஆட்டம், 9 விக்கெட்டில் தமிழ்நாடு வெற்றி. அது முடிந்து இரண்டே மாதத்தில் சேலம் மாவட்டத்தில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. ஜூலை 5-ம் தேதி அந்த வருஷ டி.என்.பி.எல். தொடரே இங்கேதான் தொடங்கியது. தென்மேற்குப் பருவம், மாலையில் இடிமழை வரும் காலம். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்மாவட்டங்கள் மேல் வந்து உட்கார்ந்தது. ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ., ஏற்காட்டில் 20 செ.மீ.க்கும் மேல். அதற்கு ஏழு வாரம் கழித்து, 2025 ஜனவரி 23-ல், அதே மைதானத்தில் சண்டிகருக்கு எதிராக அடுத்த ரஞ்சி ஆட்டம்.

வெயில், இடி, புயல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே புல்தான் ஈடுகொடுக்க வேண்டும்.

பிடுங்கி எறிகிற புல்தான் ஹீரோ

அந்தப் புல் ஏதோ வெளிநாட்டு அதிசயம் என்று நினைத்தால், இல்லை. கிரிக்கெட் மைதானம், கோல்ஃப் மைதானம் இரண்டிலும் வெப்ப நாடுகளில் அதிகம் வளர்க்கப்படும் 'பெர்முடா' புல் வேறு யாருமில்லை, நம்ம அருகம்புல்தான். வயலில் தலைகாட்டினால் விவசாயி களைக்கொத்தியோடு வந்துவிடுவார், பிள்ளையாருக்கு மாலையாகப் போனால் கும்பிடுவோம். அதையே அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்கிற ஊரில் இருக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒட்டுச் சேர்த்து, குட்டையாக, நெருக்கமாக வளரும் ரகங்களாக மாற்றியது. பெயர்களில் 'டிஃப்' என்று வருவதெல்லாம் அந்த ஊரின் முத்திரை.

அருகுக்கு வெயில் பிடிக்கும். 35 டிகிரியில் மற்ற புல்வகைகள் துவளும்போது இது தழைக்கும். தண்ணீர் இல்லாவிட்டாலும் சாகாது. மேலே காய்ந்து, பழுப்பாகி, வேரில் உயிரைப் பிடித்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். சாகாமல் இருப்பது அருகுக்குப் போதும். ஆனால் கிரிக்கெட்டுக்கு அது போதாதே! காய்ந்த புல்லுக்கு அடியில் மண் கல்லாகிவிடும், டைவ் அடித்தவரின் முழங்கை தோல் உரியும், பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் கோடை முழுக்கத் தண்ணீர் காட்ட வேண்டியிருக்கிறது.

எவ்வளவு தண்ணீர்? கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். 70 மீட்டர் ஆரம் உள்ள ஒரு மைதானத்தின் பரப்பு சுமார் 15,400 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 3.8 ஏக்கர். சேலத்துச் சித்திரை வெயிலில் புல்லும் மண்ணுமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 மி.மீ. அளவுக்கு ஆவியாக விடும் என்று வைத்துக்கொண்டால், தினம் 77,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் ஆறரை லாரி, ஒரே நாளைக்கு!

கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு. அந்தக் கணக்கில் 77,000 லிட்டர் என்பது 1,400 பேருக்கான தண்ணீர். பாறை பூமியான சேலம், நாமக்கல் பகுதியில் நூற்றுக்கணக்கான அடி துளைத்தும் புகை மட்டுமே வந்த போர்வெல் கதை எல்லா ஊரிலும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஸ்பிரிங்க்லர் சுற்றுவதைப் பார்க்கிற ஒரு குச்சிக்கிழங்குக்காரருக்கு என்ன தோன்றும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோல்ஃப்காரர்களிடம் கற்ற பாடம்

கோல்ஃபோடு ஒப்பிட்டால் கிரிக்கெட் மைதானம் சின்னப் பிள்ளை. 18 குழி கொண்ட ஒரு கோல்ஃப் மைதானத்தில் 70 ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ச்சுவதாக வைத்தால், அதே 5 மி.மீ. கணக்கில் தினம் 14 லட்சம் லிட்டர். பணக்கார விளையாட்டு என்பது ஒருபக்கம் இருக்கட்டும். இவ்வளவு பெரிய புல்வெளியை மழையிலும் வெயிலிலும் கட்டிக் காக்க வேண்டிய கட்டாயத்தில்தான் புல்வெளி அறிவியலில் பெரும்பகுதியைக் கோல்ஃப் உலகம் உருவாக்கியது. இன்று கிரிக்கெட் மைதானங்கள் அங்கிருந்துதான் கடன் வாங்குகின்றன.

அதில் முக்கியமானது, மண்ணுக்கு அடியில் இருக்கிற ஏற்பாடு. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட முறை இன்றைக்கும் அடிப்படை. கீழே துளை போட்ட குழாய்கள், அதன் மேல் 10 செ.மீ. ஜல்லி, அதற்கும் மேல் 30 செ.மீ. மணல் கலவை, உச்சியில் புல். குழாய்களை மீன் முள் மாதிரி பரப்புவார்கள். நடுவில் ஒரு பெரிய குழாய், இருபுறமும் கிளைகள்.

இதில் ஒரு அழகான தந்திரம் உண்டு. மணலிலிருந்து ஜல்லிக்குத் தண்ணீர் உடனே இறங்காது. நுண்ணிய மணல் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், முழுக்க நனைந்து இனி தாங்காது என்ற நிலை வந்த பிறகுதான் கீழே விடும். அதாவது வெயில் நாளில் வேருக்கு ஈரம் இருக்கும், அடைமழையில் மிச்சம் வடிந்துவிடும். ஒரே அடுக்கு இரண்டு வேலையும் செய்கிறது.

மணிக்குக் குறைந்தது 150 மி.மீ. தண்ணீரை இறக்க வேண்டும் என்பது அந்த முறையின் அளவுகோல். சேலத்தில் அரை மணி நேரத்தில் 20 மி.மீ. கொட்டினால் நம் 3.8 ஏக்கர் மைதானத்தில் விழுவது 3 லட்சம் லிட்டர், 25 லாரித் தண்ணீர். வேகம் மணிக்கு 40 மி.மீ. என்ற கணக்கில்தான். அப்படியானால் நின்ற நிமிஷமே வடிந்துவிட வேண்டுமே?

காகிதத்தில் வடியும். முதலாவதாக, முழு அவுட்ஃபீல்டையும் கோல்ஃப் க்ரீன் மாதிரி மணலால் நிரப்புவது செலவு பிடித்த வேலை. ஆற்று மணலுக்கு இங்கே என்ன பாடு என்று வீடு கட்டுகிறவரைக் கேட்டால் தெரியும். எம்-சாண்ட் போட்டால் அதன் கூர்மையான துகள்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு இறுகும், அதிலிருக்கும் கல்தூசு துளைகளை அடைக்கும். இரண்டாவது, மணல் போட்ட மைதானமும் வருஷம் போகப் போக இறுகிவிடும். ரோலர் ஓடுகிறது, ஸ்பைக் ஷூ மிதிக்கிறது, செத்த புல்லும் வேரும் மெத்தை மாதிரி படிகிறது. அதனால்தான் அவ்வப்போது கூர்முனைகள் கொண்ட உருளையால் தரையெங்கும் துளை போட்டு, அதில் மணல் தூவுகிறார்கள். பார்க்க நல்ல மைதானத்தைக் குத்திக் கெடுப்பது மாதிரித்தான் இருக்கும். அந்த வேலையைத் தள்ளிப்போட்ட மைதானம் எது என்பது ஜூலையில் முதல் மழைக்கே தெரிந்துவிடும்.

பிட்ச் மட்டும் தனிக் கட்சி

இத்தனைக்கும் நடுவில் 22 கஜம் நீளத்துக்கு இந்த விதிகளெல்லாம் தலைகீழ். அவுட்ஃபீல்டில் தண்ணீர் வடிய வேண்டும், அதனால் மணல். பிட்ச் இறுகிக் கெட்டியாக வேண்டும், அதனால் களிமண். செம்மண்ணோ கரிசலோ, களித்தன்மை இருந்தால்தான் ரோலருக்கு அடியில் செங்கல் மாதிரி ஆகும். அப்படிப்பட்ட மண் தண்ணீர் குடித்தால் சீக்கிரம் விடாது. மழைநாளில் பத்து இருபது பேர் கவரை இழுத்துக்கொண்டு ஓடுவது அந்த 22 கஜத்துக்காகத்தான்.

கவர் போட்டால் பிரச்சினை முடிந்ததா? ரொம்ப நேரம் மூடியே வைத்தால் உள்ளே வியர்க்கும், புல் மஞ்சளாகும், பூஞ்சை வரும். திறந்து வைத்தால் அடுத்த தூறலுக்கு மாட்டிக்கொள்ளும். டி.என்.பி.எல். இரவு ஆட்டம் தொடங்குவது 7.15 மணிக்கு. சேலம் பக்கம் மதியம் வரை வெயில் காய்ந்து, சூடேறிய காற்று மேலே போய் மேகமாகி, இடி இடித்துக் கொட்டுவதும் பெரும்பாலும் சாயங்காலத்திலிருந்து ராத்திரிக்குள்தான். நேரம் பார்த்து வைத்த மாதிரி இருக்கும். 2022 ஜூலை 31-ல் கோவையில் நடந்த டி.என்.பி.எல். இறுதி ஆட்டம் மழையால் பாதியில் நின்று, லைகா கோவை கிங்ஸும் சேப்பாக் சூப்பர் கில்லீஸும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டது ரசிகர்களுக்கு நினைவிருக்கும்.

இலங்கையில் வேறு வழி. கொழும்பு பிரேமதாசா மைதானத்தில் பிட்ச்சை மட்டுமல்ல, மொத்த மைதானத்தையுமே மூடிவிடுவார்கள். அதற்கு மிஷின் போதாது, ஆள் பலம் வேண்டும். 2023 ஆசியக் கோப்பை முழுக்க அந்த ஆட்கள் மழையோடு ஓடிக்கொண்டே இருந்தார்கள். செப்டம்பர் 17-ம் தேதி இறுதி ஆட்டத்தில் இலங்கையை 50 ரன்னுக்குச் சுருட்டிய முகமது சிராஜ், தனக்குக் கிடைத்த 5,000 டாலர் ஆட்ட நாயகன் பரிசை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஆசிய கிரிக்கெட் கவுன்சிலும் இலங்கை வாரியமும் சேர்ந்து 50,000 டாலர் அறிவித்தன. மறு வருஷம் ஐ.பி.எல். முடிந்ததும் பி.சி.சி.ஐ. பத்து வழக்கமான மைதானங்களின் பணியாளர்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் மாவட்ட மைதானத்தில் விடியற்காலை பனியில் கயிறு பிடித்து இழுத்து, புல் மேல் நிற்கும் நீர்த்துளியை உதிர்த்துவிடுகிறவருக்கு கேமராவும் கிடையாது, பரிசும் கிடையாது.

பெங்களூரு மிஷினை இங்கே வாங்கி வைக்கலாமே?

சின்னசாமி மைதானத்து 'சப்ஏர்' பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இதைத்தான் கேட்பார்கள். அதுவும் கோல்ஃப் சமாச்சாரம்தான். மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அமெரிக்காவின் அகஸ்டா கோல்ஃப் மைதானத்தில் 1990-களில் பிறந்தது. புல்லுக்கு அடியில் இருக்கும் குழாய்களில் மோட்டார் வைத்து உறிஞ்சும். தேவையானால் திருப்பி வேருக்குக் காற்றையும் ஊதும். 2017 தொடக்கத்தில் சின்னசாமிக்கு வந்தது.

2024 மே 18, பெங்களூரு - சென்னை ஆட்டம். மூன்று ஓவரில் மழை குறுக்கிட்டும் முழு 20 ஓவர் ஆட்டம் நடந்தது. சென்னை ரசிகர்கள் இன்றுவரை அந்த மிஷினை மன்னித்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனால் 2025 மே 17-ல் அதே மைதானத்தில் பெங்களூரு - கொல்கத்தா ஆட்டம் டாஸ்கூடப் போடாமல் ரத்து. மழை நின்றால்தானே உறிஞ்ச முடியும்? எந்த மிஷினுக்கும் வானத்தை மூடத் தெரியாது.

வருஷத்தில் சில இரவு ஆட்டங்கள் நடக்கும் மைதானத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்பது ஒரு விஷயம். உறிஞ்சிய தண்ணீர் எங்கே போகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். வாழப்பாடி மாதிரி ஊரில் மழைநீரை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறோம் என்று பெருமைப்பட்டுவிட்டு, எட்டு மாதம் கழித்து அதே தண்ணீரை போர்வெல்லிலிருந்து இழுப்பது கொஞ்சம் வேடிக்கையான ஏற்பாடுதான்.

கூட்டிப் பார்ப்போம். சேலத்தில் ஆண்டு மழை 900 மி.மீ. என்று குறைத்தே வைத்தாலும், 15,400 சதுர மீட்டர் மைதானத்தில் விழுவது 1.38 கோடி லிட்டர். மண் குடித்தது, ஆவியானது போக மூன்றில் ஒரு பங்கு குழாய் வழியே வடிகிறது என்றால் 46 லட்சம் லிட்டர். தினம் 77,000 என்ற கணக்கில் அது 60 நாள் தண்ணீர். ஏப்ரலும் மேயும் முடிந்துவிடும்!

அதைத் தேக்க என்ன வேண்டும்? 40 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்தில் ஒரு குட்டை. சேலம், நாமக்கல் விவசாயிகளுக்கு இது புது யோசனையே இல்லை, பண்ணைக்குட்டை வெட்டி, தார்ப்பாய் விரித்து, மழைநீரைப் பிடித்துக் காய்கறிக்கு விடுகிறவர்கள் எத்தனையோ பேர். கோல்ஃப் மைதானத்தில் பந்து விழுந்து தொலையும் அந்த அழகான குளங்களும் பல இடங்களில் சும்மா வெட்டியதில்லை, புல்லுக்கான தண்ணீர்த் தொட்டிகள்தான்.

சிக்கல் இல்லாமல் இல்லை. டிசம்பரில் நிரம்பிய குட்டை ஏப்ரல் வரை வெயிலில் கிடக்கும், தினம் 4 மி.மீ. ஆவியானாலும் நாலு மாதத்தில் அரை மீட்டர் காலி. மைதானத்துக்கு வெளியே அரை ஏக்கர் நிலம் வேண்டும். புல்லுக்குப் போட்ட உரம் கரைந்து வந்தால் பாசி பிடிக்கும். இன்னொரு வழி, கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சுவது. சின்னசாமியில் அதைத்தான் செய்கிறார்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு அது சரி. தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் மைதானத்துக்குச் சுத்திகரிக்க அவ்வளவு கழிவுநீரே பக்கத்தில் இருக்காது.

பச்சையின் பரப்பைக் குறைப்பதும் ஒரு வழி. தண்ணீர் இல்லாத ஊர்களில் இருந்த பழைய இந்திய கோல்ஃப் மைதானங்களில் 'க்ரீன்' கிடையாது, 'பிரவுன்' உண்டு. குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி, சமப்படுத்தி, அதில் பந்தை உருட்டினார்கள். கிரிக்கெட்டில் அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் கோடையில் பவுண்டரிக்கு வெளியே இருக்கும் புல்லைக் காயவிடலாம், ஆட்டம் இல்லாத மாதங்களில் அவுட்ஃபீல்டுக்குப் பாதித் தண்ணீர் காட்டலாம். அருகம்புல் கோபித்துக்கொள்ளாது.

தண்ணீர்ப் பஞ்சம் கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரா உதாரணம். 2016-ல் வறட்சியின்போது மைதானத்துக்குப் போகும் தண்ணீரை எதிர்த்து வழக்கு வந்தது. சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துகிறோம் என்று கிரிக்கெட் தரப்பு சொல்லிப் பார்த்தது. ஏப்ரல் 30-க்குப் பிறகான ஐ.பி.எல். ஆட்டங்களை மாநிலத்தை விட்டே மாற்றச் சொல்லி பாம்பே ஹைகோர்ட் உத்தரவிட்டது. ஐ.பி.எல்.லுக்கு வேறு ஊர் கிடைத்தது. சேலத்துப் பையனுக்கு அப்படி மாற்று மைதானம் கிடையாது.

சேலம், நாமக்கல் பக்கம் நிறையப் பேர் பள்ளி, கல்லூரி மைதானத்தில் மேட் விரித்துத்தான் ஆடி வளர்கிறார்கள். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய நடராஜன் இந்திய அணிக்குப் போனது ஊரறிந்த கதை. அவரே தன் ஊரில் ஒரு மைதானம் கட்ட, 2023 ஜூன் 23-ல் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். சின்னப்பம்பட்டியிலும் வெயில் அதே 42 டிகிரிதான், அடியில் அதே பாறைதான். புல் பிட்ச்சில் பந்து எப்படி எழும்பும் என்று பதிமூன்று வயதில் தெரிந்துகொள்வதற்கும், இருபது வயதில் சென்னைக்குப் போய்த் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம், தினம் அந்தப் புல்லுக்குக் கிடைக்கும் தண்ணீரில் இருக்கிறது.

குட்டை வெட்ட, குழாய் மாற்ற, தரையைத் துளைத்து மணல் தூவ நிலம் காய்ந்திருக்க வேண்டும். அதற்குத் தோதான மாதங்கள் மார்ச் முதல் மே வரை. பள்ளி லீவு விட்டு, கோடைக்காலப் பயிற்சி முகாமுக்குப் பிள்ளைகள் கிட் பையோடு வந்து இறங்குவதும் அப்போதுதான். மே கடைசிக்குள் முடித்தாக வேண்டும், ஜூனில் இடி இடிக்கத் தொடங்கிவிடும்.